மோட்டார் வண்டியின் பழைய வினைல் பட்டைகளை நீக்கும் முறை

சென்ற கோடையில் நம் சங்கத்தின் அலுவல்களுக்கென்று பழைய மாருதி ஆம்னி வண்டியொன்று வாங்கப்பட்டதை அங்கத்தினர்கள் அறிவார்கள். 1984 ஆம் ஆண்டில் வெளிவந்து, 2019 இல் உற்பத்தி நின்றுபோன இவ்வண்டி, சேலைக் கட்டுகளோடும் வெற்றிலைக் கூடைகளோடும் நம் பக்கத்துச் சாலைகளில் நெடுநாள் பழகியதுதான். எஞ்சினைப் பார்த்தவர்கள் குறை சொல்லவில்லை. டயர்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் வண்டியின் இரு பக்கங்களிலும் முந்தைய உடைமையாளரின் கடைப் பெயர் பெரிய எழுத்துக்களில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழே இரண்டு வர்ணக் கோடுகள்; கதவுகளின் நடுவே விரற்கடை அகலத்தில் கறுப்புப் பீடிங். இவையெல்லாம் வெயிலில் வெளுத்து, வெடித்து, ஓரங்கள் சுருண்டு, காய்ந்த வாழைச் சருகைப் போல நின்றன.

இவற்றை என்ன செய்வது என்பது நிர்வாகக் குழுவில் அரை மணி நேரம் விவாதிக்கப்பட்டது. ஓடுகிற வண்டிக்கு அழகு எதற்கு என்றார் ஒருவர். பழைய எழுத்தின் மேலேயே நம் சங்கத்தின் பெயரை ஒட்டிவிடலாம் என்றார் மற்றொருவர். முழு வண்டிக்கும் புது வர்ணம் அடித்துவிடலாம் என்று மூன்றாமவர் கூறியபோது, பொருளாளர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டார். முடிவில், பட்டைகளை நீக்கிப் பார்ப்பது, பிறகு யோசிப்பது என்று தீர்மானமாயிற்று. அந்த வேலையில் நாம் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் எழுதும்படி, சொந்தத்தில் சரக்கு வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் பலர் கேட்டனர். ஆகவே இக்கட்டுரை.

முதலில் வினைல் என்பது யாது என்று தெரிந்துகொள்ளுதல் நலம். நம் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் கொண்டுவரும் வெள்ளைக் குழாயும், வண்டியில் ஒட்டிய மெல்லிய பட்டையும் ஒரே பொருள்தான் என்றால் சிலருக்கு வியப்பாயிருக்கும். இரண்டும் பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு. அதன் எடையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 57 சதவீதம், குளோரின். இயல்பில் அது கொம்பு போல் கடினமானது. 1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பி.எப். குட்ரிச் கம்பெனியில் வேலை செய்த வால்டோ செமன் என்னும் ரசாயனி, எளிதில் ஆவியாகாத சில திரவங்களோடு அதைச் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பரைப் போல் வளையும் பொருளாக மாறுவதைக் கண்டார். மழைக்கோட்டும், மேசை விரிப்பும், ரெக்சினும், ஸ்டிக்கரும் அதிலிருந்து பிறந்தவை. அதே குட்ரிச் கம்பெனியின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு, நம் காவிரியின் மேற்பகுதியிலுள்ள மேட்டூரில் 1967 இல் பி.வி.சி. தயாரிப்பு தொடங்கிற்று.

வளையும் தன்மையைத் தரும் அந்த எண்ணெய் போன்ற திரவம் வினைலுக்குள் நிரந்தரமாகத் தங்குவதில்லை. வெயிலிலும் வெப்பத்திலும் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. கரூர்ப் பரமத்தியில் 40 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காயும் சித்திரை வெயிலில், நிறுத்திய வண்டியின் தகரம் அதைவிட மிகவும் கூடுதலாகச் சூடேறும். எண்ணெய் வெளியேற வெளியேறப் பட்டை தன் பழைய குணத்திற்குத் திரும்புகிறது. குழாயைப் போல் விறைக்கிறது, சுருங்குகிறது, வெடிக்கிறது. விலை குறைந்த ஸ்டிக்கர், உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கப்படுவதால், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் இந்த நிலையை அடைந்துவிடும். திரவமாக வார்த்து உலர்த்திய உயர்ந்த வகை ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை தாங்கும். வளையும் நிலையிலுள்ள பட்டை ஒரே துண்டாக உரிந்து வந்துவிடும். வெடித்த பட்டையோ நகத்தளவு நகத்தளவாகத்தான் வரும். உரிப்பதானால் காலத்தில் உரிக்க வேண்டும். நாம் வாங்கிய வண்டியில் அந்தக் காலம் எப்போதோ கடந்திருந்தது.

அழகுக்காக மட்டுமானால் இவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. ஓரம் சுருண்ட பட்டையின் அடியில் மழைநீரும் புழுதியும் புகுகின்றன. புகுந்த ஈரம் எளிதில் உலர்வதில்லை. பீடிங்கின் அடியிலுள்ள பஞ்சு போன்ற நாடா அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அங்கே வர்ணத்தில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும், துரு தொடங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைப் போல் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஆகையால் சுற்றியுள்ள வர்ணத்தை நெம்பித் தூக்கி, மேலும் ஈரத்திற்கு வழி செய்யும். இத்தகைய வண்டியின் தகரம் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் கனமே. மேலே கறுப்புப் பட்டை ஒழுங்காகத் தெரிய, அடியில் தகரம் செல்லரித்த ஓலையாகிக்கொண்டிருக்கும். பழைய வண்டி வாங்குவோர் முதலில் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

இனி நாம் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறோம். வடக்கே நாமக்கல்லில் லாரிகளுக்கும், ஆற்றுக்கு அக்கரையில் கரூரில் பஸ்களுக்கும் பாடி கட்டும் தொழில் பெயர் பெற்றது. தேர்ந்த கைகளுக்கு நம் வட்டாரத்தில் குறைவில்லை. நாமோ, சீக்கிரம் முடியும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, அறிமுகமில்லாத ஒரு சிறு பட்டறையில் இடப் பக்கத்தை ஒப்படைத்தோம். அங்கே இரும்புத் தகட்டால் சுரண்டினார்கள். மிஞ்சிய பசையை வர்ணக் கடைத் தின்னரால் துடைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் எழுத்துக்கள் போயின. கூடவே வர்ணமும் போயிற்று. கம்பெனியில் அடித்த வர்ணம், அடிப்பூச்சு முதல் மேற்பளபளப்பு வரை எல்லாப் படலங்களும் சேர்ந்து, ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனந்தான். செய்தித்தாள் ஒன்றிரண்டு சேர்ந்த கனம் என்று கொள்ளலாம். இரும்புத் தகடு அதில் ஒரு இழுப்பில் தகரம் வரை இறங்கிவிடும். ஐப்பசி மழைக்குள் அந்தக் கீறல்கள் ஒவ்வொன்றும் செம்மண் கோடாக மாறின. வலப் பக்கத்தை நம் அங்கத்தினர் இருவர் கையாலேயே செய்தனர். ஒன்றரை நாள் பிடித்தது. இன்றும் இரு பக்கங்களையும் பார்ப்போர் வித்தியாசத்தைக் காணலாம்.

அவர்கள் செய்த முறை இது. முதல் வேலை கழுவுதல். புழுதியும் மணலும் ஒட்டியிருக்கும்போது எதைத் தேய்த்தாலும் அது உப்புத்தாளால் தேய்த்தது போலாகும். சோப்பு நீரால் கழுவி, பட்டையின் ஓரங்களிலுள்ள மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது சூடு. பட்டையை ஒட்டியிருக்கும் பசை, குளிர்ந்த நிலையில் இறுகிப் பிடிக்கும். 50, 60 டிகிரி சூட்டில் தளர்ந்து கொடுக்கும். காய்ந்த கஞ்சிப் பாவைப் பச்சைத் தண்ணீரில் அலசிப் பார்த்த நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் பாதிச் சூட்டைச் சூரியனே இலவசமாகத் தருகிறான்: முற்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு நிழலுக்குக் கொண்டுவரலாம். மீதிச் சூட்டுக்குத் தலைமுடி உலர்த்தும் மின்கருவி போதும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தடித்த துணியைப் பட்டையின் மேல் சில நிமிஷம் போர்த்தி வைப்பதும் பயன் தரும். பட்டறைகளிலுள்ள ஹீட் கன் 500 டிகிரிக்கு மேலும் சூடான காற்றை வீசக்கூடியது. பழகாத கையில் அது வர்ணத்தைக் கொப்பளிக்கச் செய்துவிடும். உபயோகித்தே ஆகவேண்டுமானால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவுகோல் சுலபமானது: சூடேறிய இடத்தில் கையை வைத்தால் சுட வேண்டும், ஆனால் உடனே எடுத்துவிடும்படி சுடக்கூடாது. அதிகச் சூட்டில் வினைல் கருகினால் நெஞ்சைக் கரிக்கும் அமில வாயு எழும். அந்த வாடை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அறிந்து நிறுத்திவிட வேண்டும்.

சூடான பட்டையின் ஒரு மூலையை நகத்தாலோ, பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ, மழுங்கச் சீவிய மூங்கில் சிம்பாலோ கிளப்பி, பின்னோக்கி மடித்து, சாய்வாக, மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். மெல்ல என்பதை நாம் வாய்ப்பேச்சுக்காகச் சொல்லவில்லை. இவ்வகைப் பசை பாதி திரவத்தின் குணமும் பாதி ரப்பரின் குணமும் உடையது. வெடுக்கென்று இழுத்தால் எதிர்த்து நிற்கும். நிதானமாக இழுத்தால் ஒழுகிக் கொடுக்கும். செங்குத்தாக வெடுக்கென்று இழுத்தால் பட்டையோடு வர்ணமும் எழுந்து வரலாம். முன்பு எப்போதோ பட்டி பார்த்து மறுவர்ணம் அடித்த இடமாயிருந்தால் நிச்சயம் வரும். பட்டை அறுந்தால் அந்த இடத்தை மறுபடியும் சூடாக்கிக்கொண்டு தொடர வேண்டுமேயன்றி, குளிர்ந்த நிலையில் கிள்ளிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை.

கதவுப் பீடிங்கிற்கு வேறு உபாயம் வேண்டும். அது ஒரு மில்லிமீட்டர் அளவு கனமுள்ள இருபக்கப் பஞ்சு நாடாவால் ஒட்டப்பட்டிருக்கும். இழுத்தால் கதவுத் தகரமே நெளியும். இதற்கு நம் அங்கத்தினர் கையாண்ட கருவி, காவிரியில் மீன் பிடிப்போர் தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு. இரண்டு முழ நரம்பை இரு கைகளிலும் சுற்றிக்கொண்டு, சூடாக்கிய பீடிங்குக்கும் தகரத்துக்கும் இடையே கொடுத்து, ரம்பம் இழுப்பது போல் முன்னும் பின்னும் இழுத்தார்கள். அவித்த முட்டையை நூலால் அறுப்பது போல நாடா இரண்டாகப் பிளந்து பீடிங் கையோடு வந்துவிட்டது. கையுறை அணிந்துகொள்ளாததால் முதல் கதவிலேயே ஒருவருக்கு விரல் அறுபட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். சில வண்டிகளில் பீடிங் நாடாவோடு நில்லாமல், தகரத்தில் துளையிட்டுக் குமிழ்களாலும் பொருத்தப்பட்டிருக்கும். பீடிங்கின் ஓரத்தில் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே அறுக்கத் தொடங்குவது நல்லது. அந்தத் துளைகளைப் பின்னர் அடைக்காமல் விட்டால் கதவுக்குள் நீர் இறங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

பட்டை போனபின் பசை நிற்கும். இங்கேதான் பலர் பொறுமை இழந்து தின்னரைத் தேடுகிறார்கள். பசை எண்ணெயில் இளகும். நீலகிரித் தைலம் இதற்கு மிக நல்லது. தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் நேரமாகும். வர்ணக் கடை டர்பன்டைனும் உதவும். எதுவாயினும், வெளியில் தெரியாத ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தடவி ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்த பிறகே உபயோகிக்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அந்தத் திரவம் ஆகாது. கம்பெனியில் சூட்டில் உலர்த்திய வர்ணம் பலவற்றைத் தாங்கும். பட்டறையில் அடித்த எனாமல் வர்ணமோ தின்னர் பட்டதும் சுருங்கித் தோலாக எழும். நம் அங்கத்தினரின் குட்டி யானை வண்டிகளில் மரத்தாலும் தகரத்தாலும் உள்ளூரில் கட்டிய பின்பாகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை என்பதை மறக்கக் கூடாது. நகப்பூச்சு அகற்றும் திரவமும் தின்னருக்கு உறவுதான்.

துணியைத் திரவத்தில் நனைத்துப் பசையின் மேல் பத்து நிமிஷம் போர்த்திவிட்டு, பிறகு துடைத்தால் பாதி வேலை தானே நடந்திருக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியே இதற்கு உகந்தது. நெசவாளர் வீட்டில் அதற்கா பஞ்சம்! பாலியஸ்டர் கலந்த துணி திரவத்தை உறிஞ்சாது, வழித்துக்கொண்டே போகும். பஞ்சு நாடாவின் மிச்சம் தடிப்பாயிருந்தால், கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுப்பதே பத்திரம். கடைகளில் டிரில்லிங் மிஷினில் மாட்டும் ரப்பர் சக்கரம் கிடைக்கிறது. பென்சில் எழுத்தை ரப்பர் அழிப்பது போல அது நாடாவை அழித்துவிடும். மெதுவான வேகத்தில், லேசாக அழுத்தி, நகர்த்திக்கொண்டே இருந்தால் நல்ல சாதனம். ஓரிடத்தில் நிறுத்தினால் உராய்வுச் சூட்டில் வர்ணம் எரிந்துவிடும்.

ஒன்றை மிக வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். பட்டையைச் சூட்டில் உரிக்க வேண்டும். பசையைத் தகரம் ஆறியபின் துடைக்க வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. சூடான தகரத்தில் திரவம் உடனே ஆவியாகிவிடுவதால் வேலை நடவாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தீ. பெட்ரோலின் ஆபத்தை எல்லோரும் அறிவார்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து சென்று, பத்தடி தள்ளிப் புகையும் பீடியிலும் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் சாது என்று நினைப்போர் பலர். சாதாரண நாளில் அது உண்மையே. ஆனால் மண்ணெண்ணெய் 40 டிகிரியை நெருங்கும் சூட்டிலேயே, பொறி பட்டால் பற்றக்கூடிய ஆவியை வெளியிடத் தொடங்கிவிடும். சித்திரை நண்பகலில் வெயிலில் நின்ற தகரம் அந்தச் சூட்டைக் கடந்துதான் இருக்கும். அதன் மேல் மண்ணெண்ணெய்த் துணியைப் போர்த்துவிட்டு, பக்கத்தில் ஹீட் கன்னையும் ஓட்டினால் என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மாலையிலோ மறுநாள் காலையிலோ, காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்யலாம். தறிக்கூடத்திற்குள்ளோ நூல் கட்டுகளுக்கு அருகிலோ கூடவே கூடாது.

பசை நீங்கியதும் சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். பிசுக்கு நின்றால் பிறகு அடிக்கும் வர்ணம் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

இப்போது பழைய எழுத்துக்கள் மறுபடியும் தெரியும். பசையும் இல்லை, பட்டையும் இல்லை; எனினும் கடைப் பெயரை வாசிக்கலாம்! பட்டையின் நிழலில் இருந்த வர்ணம் புதிதாகவும், சுற்றிலும் வெயில் பட்டது வெளுத்தும் இருப்பதே காரணம். ரப்பிங் காம்பவுண்டால் வெளுத்த பகுதியின் மேற்படலத்தைத் தேய்த்தெடுத்தால் வித்தியாசம் வெகுவாகக் குறையும். ஆனால் படலம் மெல்லியது என்று முன்பே கூறினோம். ஓரளவுக்கு மேல் தேய்த்தால் அடிப்பூச்சு தெரிந்துவிடும். நம் வண்டியில் முதல் இரண்டு எழுத்துக்கள் இன்றும் சாய்வெயிலில் தெரிகின்றன. அதோடு விட்டுவிட்டோம்.

துருவை அப்படி விடலாகாது. வலப் பக்கப் பீடிங்கின் அடியில் மூன்று இடங்களில் துரு இருந்தது. கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் தகரம் தெரியும்வரை தேய்த்து, குழிகளில் மிஞ்சியதற்குப் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துருநீக்கியைத் தடவி, அதன் டப்பியில் கண்டபடி பொறுத்திருந்து துடைத்து, அன்றைக்கே பிரைமர் பூசிவிட வேண்டும். தேய்த்த தகரத்தை ஓர் இரவு ஈரக்காற்றில் விட்டால் மீண்டும் செம்மை படரும். ஆற்றங்கரை ஊரில் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துருவின் மேலேயே பட்டி பூசி வர்ணம் அடித்துக் கொடுப்பாரும் உண்டு. அது ஒரு மழைக்காலம் தாங்கும். விரலால் அழுத்தினால் தகரம் உள்வாங்கும் நிலையாயிருந்தால் பூச்சு வேலையில் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி வேறு தகரம் வைத்துப் பற்றவைப்பதே முறை.

உரிக்கும் உற்சாகத்தில் உரிக்கக் கூடாதவற்றையும் உரித்துவிடக் கூடாது. சரக்கு வண்டிகளில் முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என்று ஒட்டப்பட்டிருக்கும் ஒளிதிருப்பும் பட்டைகள் சட்டப்படி இருக்க வேண்டியவை. இரவில் சாலையோரம் நிற்கும் கரும்பு வண்டி பின்னால் வருவோருக்குத் தெரிவது அவற்றாலேதான். முன் கண்ணாடியில், பெட்ரோல் வண்டிக்கு இளநீலமும் டீசல் வண்டிக்கு ஆரஞ்சும் ஆக உள்ள பதிவுச் சீட்டையும் தொடலாகாது. பழைய விளம்பரத்தை நீக்குவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் வண்டியின் நிறத்தையே மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றில் திருத்திக்கொள்ள வேண்டும்.

உரித்த குப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்துச் சருகோடு சேர்த்து இதைக் கொளுத்துவது மிகப் பெரிய தவறு. முன்பு சொன்ன குளோரின் எரியும்போது அமில வாயுவாகவும், டயாக்சின் என்னும் நஞ்சாகவும் வெளிவரும். அந்த நஞ்சு புகையோடு போய் மேய்ச்சல் நிலத்தில் படிந்து, மாட்டின் வழியாகப் பாலுக்கு வரக்கூடியது. பேரூராட்சியின் குப்பை வண்டியில், மற்றப் பிளாஸ்டிக்கோடு சேராமல் தனியாகக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். பசை துடைத்த எண்ணெய்த் துணிகளையும் குவியலாகச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியில் விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும். டர்பன்டைன் துணிக் குவியல் தானாகச் சூடேறிப் பற்றுவதுண்டு.

நம் சங்கத்தின் பெயரை வண்டியில் எழுதுவது பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். புது வர்ணம் அடித்த இடத்தில் உடனே ஸ்டிக்கர் ஒட்டினால், உலரும் வர்ணத்திலிருந்து வெளிவரும் ஆவி அடியில் சிக்கிக் குமிழிடும். எனாமல் வர்ணமானால் சில வாரங்களாவது பொறுக்க வேண்டும். ஸ்டிக்கரே வேண்டாம், லாரிகளுக்குப் பெயர் எழுதும் வர்ணக்காரர் ஒருவரைக் கொண்டு பிரஷ்ஷாலேயே எழுதிவிடுவது என்று சென்ற கூட்டத்தில் முடிவாயிற்று. இடப் பக்கத்துக் கீறல்களுக்குப் பிரைமர் பூசும் வேலை முடிந்ததும் அவர் வருவார்.